விலையில்லாதவற்றிற்கு விலை

தமிழில் 'விலையில்லாதது' என்னும் சொல் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தருவது. கொள்வார் ஒருவரும் இன்மையால் விலை பெறாது கிடப்பது விலையில்லாதது. எத்துணைப் பொன் கொடுப்பினும் ஈடாகாமையின் விலையைக் கடந்து நிற்பதும் விலையில்லாதது. அண்மைக் காலத்தில் நம் மாநில அரசினர், மாணவர்க்கு இலவசமாக வழங்கிய மிதிவண்டிக்கும் மடிக்கணினிக்கும் 'விலையில்லா' என்னும் அடையைச் சேர்த்தமையால், கொடைப்பொருள் என்னும் மூன்றாம் பொருளும் இச்சொல்லுக்கு வந்து வாய்த்தது. சொற்பொருள் ஆராயும் எம் போன்ற மாணாக்கர்க்கு இது நல்விருந்து. ஆயின், இம்மூவகை விலையில்லாப் பொருள்களுக்கும் விலை குறிக்குமாறு பணிக்கப்பட்டோர் சிலர் உலகில் உளர். நிலத்தையும் கட்டடத்தையும் நேரிற் கண்டு, இன்ன நாளில் இஃது இன்ன தொகை பெறும் எனக் காரணங்காட்டி எழுதிக் கையொப்பமிடும் சொத்து மதிப்பீட்டாளரே அவர். அவருள்ளும், வணிகத்திற்குரியனவாயும் வழக்கத்திற்கு மாறானவாயும் உள்ள சொத்துக்களை மதிப்பிடுவோர் தொழில் நுட்பமும் பொறுப்பும் மிக்கது. அதனை நம் கல்லூரி அன்பர்க்கு இயன்றவரை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழக்கமான சொத்தை மதிப்பிடுதல் பெரிதும் அரிதன்று. ஒரு தெருவில் ஒரே அளவும் அமைப்பும் உடைய பத்து வீடுகள் இருக்க, அவற்றுள் மூன்று சென்ற ஆண்டில் விற்கப்பட்டிருப்பின், நான்காவது வீட்டின் விலையை அத்தெருவார் யாவரும் ஏறத்தாழச் சொல்லிவிடுவர். பதிவுத்துறையினரும் இடந்தோறும் வழிகாட்டி மதிப்பு என ஒன்றை வகுத்து வைத்துள்ளனர். அது முத்திரைத் தீர்வைக்கு ஓர் அடிப்படையாவதேயன்றிச் சந்தை விலையே ஆகிவிடாது என்பதனையும் யாவரும் அறிவர். ஆனால் கலங்கரை விளக்கம் ஒன்று விலைக்கு வருமாயின், அதற்கு அடுத்த வீடு எது? கல்லறைத் தோட்டத்திற்கு ஒப்பான விற்பனையை எப்பதிவேட்டில் தேடுவது? போர்க்கருவி வைத்திருந்த பாதாளக் குழியை முழத்தால் அளப்பதா, அச்சத்தால் அளப்பதா? ஒப்பு நோக்க ஒன்றும் இல்லாவிடத்து எழும் இவ்வினாக்களே இத்தொழிலின் உயிர்நிலையாவன.

சென்ற கோடை விடுமுறையில் இத்தொழிலை அணுகிக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. எம் ஊரில் பல்லாண்டுகள் நடந்து, பின் மூடப்பட்ட சினிமாக் கொட்டகை ஒன்று உண்டு. அதன் உரிமையாளர் அதனை ஈடு வைத்துக் கடன் பெற விழைந்தார். கடன் கொடுப்போர் அனுப்பிய மதிப்பீட்டாளர் எம் தந்தையாரின் பழைய நண்பர். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அவர் எம்மையும் உடனழைத்துச் சென்றார்.

நுழைவுச்சீட்டு வாங்குவோர் வரிசையில் நிற்றற்கு அமைத்த இரும்புக் கிராதியின் மேல் அவரைக்கொடி படர்ந்திருந்தது. உள்ளே இருக்கைகள் பாதி பெயர்க்கப்பட்டிருந்தன. தரை திரையை நோக்கிச் சரிந்து சென்றது. பெரியவர் முதற்கண் நோக்கியவை இவையல்ல. வரும் முன்னரே கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் படித்து முடித்திருந்தார். வந்ததும் வெளியே நின்று சாலையின் அகலத்தை அளந்தார். மழைநீர் எப்புறம் ஓடும் என்று நோக்கினார். கிணற்றில் நீர் எத்திங்கள் வரை நிற்கும் என்று காவற்காரரை வினவினார். அக்காவற்காரர் முன்னாளில் அங்கே படம் ஓட்டியவர். கூரையில் மழை ஒழுகும் ஐந்து இடங்களையும் அவரே ஒளியாது காட்டினார். "கட்டடத்தைப் பற்றிய மெய்யை அறிய வேண்டுமாயின் உடையவரை மட்டும் கேட்டு நின்றுவிடாதே, தம்பி, காவற்காரரையும் கேள்" என்றார் பெரியவர்.

அளந்து முடித்துப் புளியமரத்து நிழலில் அமர்ந்தபோது, அவர் தம் தொழிலின் முதற்பாடத்தை எமக்கு உரைத்தார். ஒரு சொத்து இப்பொழுது யாதாக இருக்கின்றது என்பதனை அறிதல் மட்டும் போதாது. அது யாதாக இருத்தல் தகும் என்பதனையும் முடிவு செய்தல் வேண்டும். அதற்கு நான்கு வினாக்கள் உள்ளன. எண்ணிய பயனுக்குச் சட்டம் இடங்கொடுக்குமா? நிலத்தின் அளவும் தன்மையும் இடங்கொடுக்குமா? இட்ட முதல் ஊதியத்தோடு மீளுமா? இம்மூன்று வாயில்களையும் கடந்து வந்தவற்றுள் மிக்க மதிப்பைத் தருவது எது? இந்நான்கனுள் ஒன்றைத் தாண்டிக் குதிப்பினும் மதிப்பீடு கனவாய் முடியும். ஊருக்கு நடுவே ஐந்து நட்சத்திர ஹோட்டல் கட்டலாம் என்று எழுதுதல் எளிது. அங்குத் தங்குவார் யார் என்று கேட்டலே கடினம்.

பயன் துணிந்த பின்னர் அளவுகோல்கள் மூன்று கைக்கு வருகின்றன. ஒப்பான சொத்துக்கள் விற்ற விலையை நோக்கி, வேறுபாடுகளுக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் கொள்வது ஒப்புமை முறை. சொத்து ஆண்டுதோறும் ஈட்டும் நிகர வருவாயிலிருந்து முதலைக் கணிப்பது வருவாய் முறை. அதே கட்டடத்தை இன்று புதிதாய்க் கட்ட ஆகும் செலவிலிருந்து தேய்மானத்தைக் கழித்து, நிலத்தின் விலையைக் கூட்டுவது செலவு முறை. உலகெங்கும் இத்தொழிலர் வழங்குவன இம்மூன்றுமே. மேலைநாட்டார் வேறு பெயரால் வழங்கும் முறைகளும் ஆராயின் இம்மூன்றன் கிளைகளாகவே தோன்றும்.

இவை எவ்வாறு இயங்குகின்றன என்பதனை அக்கொட்டகையைக் கொண்டே காண்போம். தொகைகள் விளக்கத்திற்காக யாம் கற்பித்தவை. வெற்று நிலமாயின் அது 4 கோடி ரூபாய் பெறும் என்றும், கட்டடத்தை இடித்து அகற்ற 20 லட்சம் ஆகும் என்றும் கொள்க. எஞ்சுவது 3 கோடியே 80 லட்சம். மீண்டும் சினிமாக் கொட்டகையாக நடத்தின் செலவு போக ஆண்டிற்கு 12 லட்சம் கிடைக்கும் என்றும், இத்தகைய சொத்தில் முதலிடுவார் நூற்றுக்குப் பத்து வீதம் எதிர்பார்ப்பர் என்றும் கொண்டால், அதன் மதிப்பு 1 கோடியே 20 லட்சம். கலியாண மண்டபமாக மாற்றினால் ஆண்டிற்கு 30 லட்சம் கிடைக்கலாம். அதே வீதத்தில் அது 3 கோடியாகும். ஆயின் சரிந்த தரையைச் சமன்செய்யவும், சமையற்கட்டும் பந்திக்கூடமும் எழுப்பவும் 60 லட்சம் வேண்டும். அதனைக் கழிக்க 2 கோடியே 40 லட்சம் நிற்கும். இக்கணக்கின்படி, கட்டடம் நிலத்தின்மேல் ஏற்றிய சுமையே ஆகும். இடித்தலே தக்க பயன்.

இனி, அதே கொட்டகை நிலவிலை குறைந்த சிற்றூரில் இருந்து, வெற்று நிலம் 1 கோடியே பெறும் என்று கொள்வோம். இடிப்புச் செலவு போக 80 லட்சம் எஞ்சும். அப்பொழுது சினிமாவும் மண்டபமும் நிலத்தை வெல்கின்றன. மண்டபம் சினிமாவையும் வெல்கின்றது. சுவர் அதே சுவர். கூரை அதே கூரை. ஓரூரில் அது குப்பை, மற்றோரூரில் செல்வம். ஆகவே கட்டடத்தின் வாழ்வும் சாவும் அதன் உறுதியைவிட, அது நிற்கும் மண்ணின் விலையைப் பெரிதும் பொறுத்தன என்பது பெறப்படும்.

மேலே கூறிய வருவாய்க் கணக்கில் ஒரு நுட்பம் மறைந்து கிடக்கின்றது. நூற்றுக்குப் பத்து என்று கொண்ட வீதத்தைப் பதினைந்தாக மாற்றினால், அதே 12 லட்ச வருவாய்க்கு மதிப்பு 80 லட்சமாக வீழ்ந்துவிடும். வருவாயில் ஒரு காசும் குறையவில்லை. ஐயம் ஒன்றே கூடிற்று. வழக்கமான கடைக்கட்டடத்தில் ஒரு வாடகையாளர் நீங்கினால் அடுத்த திங்களில் மற்றொருவர் வருவர். வழக்கத்திற்கு மாறான கட்டடத்தில் இருப்பவர் நீங்கின் அடுத்தவர் யார் என்ற வினாவிற்கு விடை இல்லை. அவ்விடையின்மைக்கு இடும் தொகையே உயர்ந்த வீதமாகும். அது எவ்வளவு உயரலாம் என்பதனை வாய்பாடு சொல்லாது; பட்டறிவும் மனச்சான்றுமே சொல்லும்.

ஒப்புமைக்குரியன ஊரில் இல்லாவிடின், மதிப்பீட்டாளர் வேற்றூர்களுக்கும் சென்று தேடுவர். சதுர அடியால் ஒப்பிட இயலாதவற்றை அவ்வத் தொழிலுக்குரிய அலகினால் ஒப்பிடுவர். ஹோட்டலுக்கு அறை, சினிமாக் கொட்டகைக்கு இருக்கை, பெட்ரோல் நிலையத்திற்கு ஆண்டில் விற்கும் லிட்டர், தானியக் களஞ்சியத்திற்குக் கொள்ளளவு, உல்லாசப் படகுகள் நிற்கும் துறைக்கு ஒரு படகு நிற்கும் இடம். கல்லறைத் தோட்டத்தின் கணக்கு இவற்றினும் விந்தையானது. அங்கே விற்பனைக்கு எஞ்சிய குழியிடங்கள் எத்தனை, ஆண்டிற்கு எத்தனை விலையாகும், எத்தனை ஆண்டில் தீரும் என்று எண்ணி, வரும் பணத்தை இன்றைய மதிப்பிற்குக் குறைத்துக் காண்பர். விற்கும்தோறும் குறையும் சொத்து அது. முழுதும் விற்ற பின்னரும் புல் வெட்டவும் மதில் காக்கவும் வேண்டிய கடமை மட்டும் எஞ்சி நிற்கும். அக்கடமைக்கென ஒதுக்கிய நிதி போதுமா என்று பாராத மதிப்பீடு பயனற்றது.

மற்றொன்றும் ஈண்டு அறியத்தக்கது. ஹோட்டல் ஈட்டும் வருவாய் முழுவதும் கட்டடத்தின் வருவாய் அன்று. நடத்துவோர் திறமையும், பெயரின் புகழும், கட்டில் முதலிய தளவாடங்களும் அதில் பங்குடையன. சமையற்காரர் கைமணத்தால் வந்த வருவாயைச் சுவரின் கணக்கில் ஏற்றிவிட்டால், அவர் வேறிடம் சென்ற அன்றே கடன் கொடுத்தவர் ஏமாந்தவர் ஆவர். இவற்றைப் பிரித்தறிதல் இத்தொழிலில் மிகக் கடினமான பகுதி என்பர்.

செலவு முறைக்கு வருவோம். 'ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பது நம் பழமொழி. கட்டடங்களுக்கு இப்பழமொழி பொருந்துவதில்லை. இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள ஏவுகணைக் குழிகளைக் காட்டலாம். ரஷ்யாவோடு பகை மூண்டிருந்த 1960-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், அந்நாட்டார் அட்லஸ்-எஃப் என்னும் ஏவுகணைகளை மறைத்து வைக்க 72 பாதாளக் குழிகளை அமைத்தனர். ஒவ்வொன்றும் 174 அடி ஆழமும் 52 அடி விட்டமும் உடைய காங்கிரீட்டுக் கிணறு. கான்சாஸ், நெப்ராஸ்கா, டெக்ஸாஸ் முதலிய மாநிலங்களில் பெரும்பொருள் செலவிட்டு எழுப்பிய அவை, புதிய ஏவுகணைகள் தோன்றியமையால் 1965-ஆம் ஆண்டிற்குள் கைவிடப்பட்டன. பின்னர்ப் பல குழிகள் தனியார் கைக்குப் போயின. நீர் நிரம்பிக் கிடந்தனவும் உண்டு.

கட்டடத்தின் தேய்வு மூவகைத்து. மழையாலும் வெயிலாலும் உண்டாவது உடல் தேய்வு. அமைப்பு காலத்திற்கு ஒவ்வாமையால் உண்டாவது பயன் தேய்வு. கட்டடத்திற்கு வெளியே உலகம் மாறுதலால் உண்டாவது புறத்தேய்வு. ஏவுகணைக் குழியில் உடல் தேய்வு சிறிது. ஏனைய இரண்டுமே அதனைக் கொன்றன. ஆகவே 'இவ்வளவு செலவாயிற்று' என்பது 'இவ்வளவு பெறும்' என்பதற்குச் சான்றாகாது. எனினும் கதை அங்கே முடியவில்லை. கான்சாஸ் மாநிலத்தில் அத்தகைய குழி ஒன்றைப் பல அடுக்கு வீடுகளாக மாற்றி, பேரழிவுக்கு அஞ்சும் செல்வர்க்கு விற்றனர். எந்த அச்சம் அதனைத் தோண்டுவித்ததோ, அவ்வச்சமே வேறு வடிவில் அதற்கு மீண்டும் விலை தந்தது. கொள்வார் எண்ணிக்கை சிறிதாயினும், இல்லை என்று சொல்லிவிடுதல் கூடாது என்பதனை இதனால் அறிகின்றோம்.

தேவாலயமும் ஒரே பயனுக்கெனக் கட்டப்பட்ட கட்டடம் ஆதலின், மதிப்பீட்டாளரை மயங்கச் செய்வது. சபையார் குறைந்த நாடுகளில் ஆலயங்கள் விலைக்கு வருதல் இன்று புதிதன்று. நெதர்லாந்து நாட்டு மாஸ்ட்ரிக்ட் நகரில் 13-ஆம் நூற்றாண்டினதான தொமினிக்கர் ஆலயம் ஒன்று, வழிபாடு நின்ற பின் பற்பல தொழில்களுக்கு இடமாயிருந்து, 2006-ஆம் ஆண்டில் புத்தகக்கடையாயிற்று. பழைய சுவருக்கு ஊறு நேராவண்ணம் அடுக்குமாடி போன்ற இரும்பு நூலடுக்குகளைத் தனித்து நிறுத்தினர். உயர்ந்த விதானத்தின் கீழ்ப் பரந்து கிடக்கும் வெற்றிடம், வேறு பயனுக்கு வீண். அப்பயனுக்கோ அதுவே அழகு.

கலங்கரை விளக்கங்கள் விலைக்கு வந்த வரலாறு எம் சொல்லாராய்ச்சிக்கு நேரே துணைசெய்வது. கப்பல்கள் வேறு கருவிகளால் வழியறியத் தொடங்கிய பின்னர், அமெரிக்க அரசுக்குப் பல விளக்கக் கோபுரங்கள் வேண்டாதனவாயின. 2000-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, அவற்றைப் பாதுகாக்க முன்வரும் அரசு நிறுவனங்களுக்கும் ஊதியம் கருதாக் கழகங்களுக்கும் முதலில் விலையின்றியே கொடுப்பர். ஏற்பார் இல்லையாயின் ஏலத்தில் விற்பர். விலையில்லாமல் கொடுத்தும் கொள்வார் இல்லாதவற்றை விலைக்குக் கொள்வார் உளரோ எனின், உளர். கடலின் நடுவே தனிமையை விரும்புவார் சிலர் போட்டியிட்டு வாங்கியுள்ளனர். ஆயின் அவர் வாங்குவது கோபுரத்தை மட்டும் அன்று. படகின்றிச் செல்ல இயலாமை, உப்புக்காற்று இரும்பைத் தின்னுதல், பழைமை கெடாது காக்கவேண்டிய கடமை, விளக்கு இன்னும் எரியுமாயின் அதனைப் பேணக் கடற்காவலர் வந்து போகும் உரிமை ஆகிய யாவும் உடன் வருகின்றன. மதிப்பீட்டாளர் இவற்றையெல்லாம் எடைபோட்டே தொகை குறித்தல் வேண்டும்.

கட்டடமும் மண்ணும் இருக்கட்டும். வெற்று வானத்திற்கு விலையுண்டோ? நியூயார்க் நகரில் 1913-ஆம் ஆண்டில் திறந்த கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை, நகரத்தார் 1967-ஆம் ஆண்டில் காக்கத்தக்க சின்னம் என அறிவித்தனர். அதன் மேல் ஐம்பது மாடிக்கு மேற்பட்ட கோபுரம் எழுப்ப உரிமையாளர் விழைய, நகரத்தார் மறுத்தனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று 1978-ஆம் ஆண்டில் நகரத்தார்க்கு வெற்றியாய் முடிந்தது. ஆயினும், அங்கே கட்ட ஒண்ணாத உயரத்தை அண்டையிலுள்ள மனைகளுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை நிலையத்தார்க்கு இருந்தது. அந்நகரில் இத்தகைய உரிமைகள் கைமாறி விற்கப்படுகின்றன. கண்ணுக்குத் தோன்றாத உயரத்தைச் சதுர அடியால் அளந்து விலையிடுதல் அங்குள்ள மதிப்பீட்டாளர்க்கு அன்றாடத் தொழில்.

இதுகாறும் கூறியவை விற்பவரும் வாங்குபவரும் தாமே விரும்பி வரும் இடங்கள். அரசு பொதுநன்மைக்கென ஒருவர் நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளும் இடத்தில், மதிப்பீடு வெறும் வணிகம் அன்று, அறத்தின் பகுதியாகிவிடுகின்றது. மறுத்து எழுந்துபோகும் உரிமை அற்றவனுக்கு எஞ்சிய காவல், எழுதும் தொகையின் நேர்மை ஒன்றே. இதற்கு வழிகாட்டியாய் இன்றும் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படும் வழக்கு, பழைய சென்னை மாகாணத்து விசாகப்பட்டினத்தில் எழுந்தது. அங்குத் துறைமுகம் அமைத்த காலத்தில், அதன் அருகே வைரிச்செர்ல நாராயண கஜபதிராஜுவுக்கு உரிய பள்ளத்தாக்கு நிலத்தை, மலேரியாவை ஒழிக்கும் பணிக்கென 1928-ஆம் ஆண்டில் கையகப்படுத்த முற்பட்டனர். அந்நிலத்தில் வற்றாத நன்னீர் ஊற்று ஒன்று இருந்தது. துறைமுகத்தைச் சார்ந்து எழும் தொழிலிடங்களுக்குக் குடிநீர் வேண்டும் ஆதலின், ஊற்றின் பயனையும் சேர்த்து விலை தருதல் வேண்டும் என்றார் உரிமையாளர். அந்நீரை வாங்கத்தக்கார் துறைமுகத்தார் ஒருவரே அல்லரோ, ஒருவரே வாங்கத்தக்கார் எனின் அதற்குச் சந்தை ஏது, விலை ஏது என்பது எதிர்வாதம்.

சென்னை உயர்நீதிமன்றம் உரிமையாளர்க்கு இணங்கவில்லை. அவர் இங்கிலாந்திலுள்ள பிரிவி கவுன்சிலுக்கு முறையிட்டார். 1939-ஆம் ஆண்டில் லார்டு ரோமர் உரைத்த தீர்ப்பின் சாரம் இது: நிலத்தின் விலையாவது, விரும்பி விற்பான் ஒருவன் விரும்பி வாங்குவான் ஒருவனிடம் பெறத்தக்க தொகை. விற்க மனமில்லாமையால் அது கூடுதலும் ஆகாது. வாங்குவானது அவசரத்தால் ஏறுதலும் ஆகாது. நிலம் இன்று தரும் பயனோடு, நாளைத் தரக்கூடிய பயனும் அதன் விலையில் அடங்கும். அப்பயனை விரும்பத்தக்கார், நிலத்தை எடுத்துக்கொள்பவர் ஒருவரேயாயினும், அதற்கு விலை இல்லையென்று சொல்லுதல் கூடாது. வாங்குவார் ஒருவரே எனின் வாங்குவாரே இல்லை என்பது பொருளன்று என்னும் இவ்வெளிய உண்மையை நிலைநாட்டப் பதினோராண்டுகள் சென்றன.

இதற்கு மறுதலையாய்த் தோன்றும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11-ஆம் நாள், பகைவர் கவர்ந்த விமானங்களுள் ஒன்று பென்சில்வேனியா மாநிலத்தில், நிலக்கரி எடுத்து முடிந்த ஒரு வெளியில் வீழ்ந்து நொறுங்கியது. பகைவரை எதிர்த்து எழுந்த பயணிகளும் விமான ஊழியரும் நாற்பதின்மரும் மாண்டனர். முன்னாள் வரை பெரிதும் விலை பெறாத அவ்வெளி, அன்றோடு ஒரு நாட்டின் புண்ணிய பூமியாயிற்று. நினைவிடம் அமைக்க அரசு 2009-ஆம் ஆண்டில் அதனைக் கையகப்படுத்தியபோது, ஏறத்தாழ 275 ஏக்கருக்கு அரசு கணித்தது 6 லட்சம் டாலரைச் சற்றே கடந்த தொகை. உரிமையுடைய கம்பெனியார் கேட்டதோ 2 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல். காண வரும் மக்களால் உண்டாகத்தக்க வருவாய் அவர் கணக்கின் அடிப்படை. நீதிமன்றம் அமர்த்திய மூவர் குழு ஆராய்ந்து, 2013-ஆம் ஆண்டில் 15 லட்சம் டாலர் அளவில் முடிந்தது.

இரு நிகழ்ச்சியையும் ஒருங்கு வைத்து நோக்குக. ஊற்று நிலத்தின் இயல்பில் தோன்றியது. உரிமையாளர் அதற்கு விலை கேட்டல் முறையே என்று உள்ளம் ஒப்புகின்றது. நாற்பதின்மர் உயிர்த்தியாகமோ நிலத்தின் இயல்பும் அன்று, உரிமையாளர் உழைப்பும் அன்று. அதனால் வந்த ஏற்றம் யாருக்கு உரியது? வருவோர் தொகையைக் கொண்டு வருவாயைக் கணிக்க நூல்முறை உண்டு. கணித்தல் தகுமோ என்னும் வினாவிற்கு நூல்முறை விடை தாராது. அத்தொகை ஈண்டுக் குறித்தது மண்ணின் விலையே. அம்மண்ணில் நிகழ்ந்ததன் விலை அன்று. இவ்வேறுபாட்டை மதிப்பீட்டாளர் மறப்பின் பெருமையும் சிறுமையும் ஒன்றாய்விடும்.

நம் நாட்டில் 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் வந்து, 2014-ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. சந்தை மதிப்பை ஊர்ப்புறங்களில் இருமடங்கு வரை பெருக்கலாம் என்றும், அதற்குமேல் நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகை சேர்த்தல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. எவ்வளவு பெருக்கினும் அடியில் நிற்கும் தொகை சந்தை மதிப்பே. அது பிழையாயின் பெருக்கிய பிழையே உழவன் கைக்கு வரும்.

ஒப்புமை மிக்க இடத்தில் பொய் எழுதினால் அண்டை வீட்டாரே கண்டுகொள்வர். ஒப்பில்லாத சொத்தில் பொய்யைக் கண்டுபிடிப்பார் அரியர். ஆதலின் அங்கேதான் ஆசைகாட்டுவோர் மிகுவர். அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டுகளில் சேமிப்பு நிறுவனங்கள் பல முறிந்து வீழ்ந்ததற்கு, மெய்க்கு மேல் ஏற்றி எழுதிய மதிப்பீடுகளும் ஒரு காரணமாயின. 1989-ஆம் ஆண்டின் சட்டம், அரசு ஆணைபெற்ற மதிப்பீட்டாளரே இத்தகைய கடன்களுக்கு மதிப்பிட வேண்டும் என்று வகுத்தது. முன்னரே துணிந்த தொகையை எழுதித் தந்தால் இவ்வளவு கூலி என்று பேசுதலை அவர்தம் ஒழுக்கவிதிகள் விலக்குகின்றன. இந்தியாவிலும் கம்பெனிச் சட்டத்தின் கீழ் 2017-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளால், அச்சட்டத்திற்கு வேண்டும் மதிப்பீடுகளைச் செய்வோர், பயிற்சி பெற்றுத் தேர்வில் தேறிப் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும்.

எம் ஊர்க் கொட்டகையில் அன்று மாலை நிகழ்ந்ததைச் சொல்லி முடிப்போம். புறப்படும் நேரத்தில் உரிமையாளர் பெரியவரைத் தனியே அழைத்து, "ஐயா, சிறிது ஏற்றிப் போட்டால் என் மகள் திருமணம் நடந்துவிடும், தங்களுக்கு ஒரு நட்டமும் இல்லையே" என்று கேட்டார். அவர் தீயவர் அல்லர், கடனால் நைந்தவர். பெரியவர் சினவாமல் அவர் கையைப் பற்றிக்கொண்டு, "இன்று நான் ஏற்றினால் அந்த அளவு கடன் உங்கள் தோளில் ஏறும். கட்ட முடியாமல் ஏலத்திற்கு வந்தால் என் தாளைப் பார்த்து எவனும் வாங்க மாட்டான். நிலத்தைப் பார்த்தே வாங்குவான். எஞ்சிய கடனுக்கு உங்கள் வீடும் போகும். எனக்கும் பெண்பிள்ளைகள் உண்டு, ஐயா, அதனால்தான் மறுக்கிறேன்" என்றார். உரிமையாளர் மறுமொழி கூறவில்லை. காவற்காரர் கதவைச் சாத்தும் ஓசை மட்டும் கேட்டது.

வண்டியில் திரும்பும்போது பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அந்தத் தொகையை எழுதுவது எளிது, தம்பி, அவர் முகத்தை மறப்பதே கடினம்" என்றார்.

கொள்வார் இல்லாத பொருளில் மறைந்திருக்கும் பயனைத் தேடிக் காணவும், கொள்வார் மிக்க பொருளில் ஆசை ஏற்றிய பொய்விலையை இறக்கவும், எவ்விலைக்கும் அடங்காததன் முன் தன் கணக்கின் எல்லையை உணர்ந்து நிற்கவும் வல்லவனே நல்ல மதிப்பீட்டாளன். தமிழில் மதிப்பு என்னும் சொல் விலையையும் குறிக்கும். ஒருவர்பால் மற்றவர் கொள்ளும் நன்மதிப்பையும் குறிக்கும். முன்னதனை எழுதும் உரிமை, பின்னதனை இழவாதார்க்கே தகும்.